விக்ரம் கிளப்பிய 2.06 டன்னும் ஈகிள் தோண்டாத குழியும்

திரவ எரிபொருள் | இரவு 8.42

சந்திரயான்-3 இழையில், அதன் இறங்குகலம் விக்ரமையும் 1969இல் அப்போலோ 11 இறக்கிய ஈகிள் கலத்தையும் ஒப்பிட்டு ஐயம்பெருமாள் எழுதியதை எழுத்து மாறாமல் கீழே தருகிறேன். நாளைக்கு "நான் அப்படியா சொன்னேன்" என்று வரக்கூடாதில்லையா, அதற்காக.

"நம்ம விக்ரம் கிளம்புறப்பவே ஒண்ணே முக்கால் டன்தான். அது இறங்கினதுல 2.06 டன் மண்ணு கிளம்பிடுச்சுன்னு இஸ்ரோவே சொல்லுது. அமெரிக்காக்காரனோட ஈகிள் ஏழு டன். அதுக்குக் கீழ பொட்டுக் குழிகூட இல்ல. கூட்டிப் பெருக்கி வச்ச வாசலாட்டம் இருக்கு. கேட்டா ஒருத்தன்கிட்டயும் பதில் இல்ல. 1969ல எவனும் போகல."

இதற்கு அங்கே ஆளாளுக்குக் கைதட்டி, "செம கேள்வி தலைவா" என்று போட்டிருக்கிறார்கள். ஒருத்தராவது வகுத்துப் பார்த்தாரா? இஸ்ரோ வெளியிட்ட தகவலில் 2.06 டன்னுக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண்ணும் இருக்கிறது: மண் கிளம்பிய பரப்பு 108.4 சதுர மீட்டர். ஐயா அதை வசதியாக விழுங்கிவிட்டார். 2,060 கிலோவை 108.4ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 19 கிலோ. நிலவின் மேல்மண் கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.3 கிராம். ஆக, போன மண்ணின் கனம் ஒன்றரை சென்டிமீட்டர். இதுதான் நீங்கள் கொண்டாடும் விக்ரம் குழி.

இப்போது ஈகிள். தரையைத் தொடும்போது அதன் நிறை சுமார் 7,300 கிலோ. நிலவின் ஈர்ப்பில் அதைத் தாங்கிப் பிடிக்க 11,800 நியூட்டன் போதும். இறங்கு எஞ்சினின் நாசில், அதாவது புகை வெளியேறும் கூம்பு, அதன் வாய் ஒன்றரை மீட்டர் விட்டம், பரப்பு 1.77 சதுர மீட்டர். வகுத்தால் 6.7 கிலோபாஸ்கல். டயர் காற்றை அளக்கும் பி.எஸ்.ஐ.யில் கேட்டால் ஒன்று. ஒன்றே ஒன்று.

இதை வைத்துக்கொண்டு எந்தக் குழியைத் தேடுகிறீர்கள்?

ஐயம்பெருமாள் | இரவு 8.57

வந்துட்டாருய்யா வாத்தியார், சிலேட்டோட. தனி இழை வேற. மரியாதைக்கு நன்றி.

முதல்ல சராசரி காட்டி ஏமாத்தாதீங்க. ஓரத்துல ஒண்ணும் இருக்காது, நடுவுல நிறைய போயிருக்கும். அதை 108ஆல வகுத்தா சின்னதாத்தான் தெரியும்.

ரெண்டாவது, அந்த எஞ்சின் 10,000 பவுண்டு. நாலரை டன் உந்துவிசை. நாசா பேப்பர்லயே இருக்கு. நீங்க எங்கிருந்தோ 11,800 நியூட்டன்னு ஒண்ணேகால் டன்னுக்கு இறக்கிட்டீங்க. மிச்சம் மூணேகால் டன் எங்க சார் போச்சு? தள்ளுபடி விற்பனையா?

மூணாவது, கேள்வி ரொம்ப சுலபம். குழி எங்க?

ராயபுரம் வெல்டர் | இரவு 9.03

ஒரு பி.எஸ்.ஐ.க்கு சைக்கிள் டியூபே எந்திரிக்காது. இதுல குழி வேற கேக்குறாரு.

திரவ எரிபொருள் | இரவு 9.11

மூணேகால் டன் எங்கேயும் போகவில்லை ஐயா, திறந்துவிடவேயில்லை. டி.ஆர்.டபிள்யூ. நிறுவனம் செய்த அந்த எஞ்சினின் சிறப்பே அதுதான். உந்துவிசையைக் கூட்டிக் குறைக்கலாம். பின்டில் வகை இன்ஜெக்டர்; நடுவில் ஒரு குழாய் முன்னும் பின்னும் நகர்ந்து, எரிபொருளும் ஆக்சிகரணியும் வரும் வழியைச் சுருக்கும், விரிக்கும். ஒன்று முழு விசைக்கு ஒட்டி ஓடும், இல்லாவிட்டால் 10லிருந்து 60 சதவீதத்துக்குச் சற்று மேல்வரை. இடைப்பட்ட பகுதியில் ஓட்டினால் தொண்டைப் பகுதி அரித்துப் போகும், அதனால் அங்கே நிறுத்தவே கூடாது என்று விதி. சுற்றுப்பாதையிலிருந்து வேகத்தைக் குறைக்கும் முதல் சில நிமிடங்களுக்குத்தான் முழு விசை. கடைசியில் எரிபொருள் தீர்ந்து கலம் இளைத்தபின் நாலரை டன்னும் திறந்துவிட்டால் ஈகிள் இறங்காது, திரும்ப மேலே போய்விடும். இறங்க வேண்டுமென்றால் எடைக்குச் சமமாகத்தான் தள்ள வேண்டும். 10,000 பவுண்டில் 2,700, அதாவது கால்வாசிக்குக் கொஞ்சம் மேல்.

இதைக்கூடச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

தேய்பிறை | இரவு 9.20

ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். எத்தனை சென்டிமீட்டர் ஆழம் இருந்தா அது குழின்னு ஒத்துக்குவீங்க? 5? 20? ஒரு மீட்டர்? அதை முதல்ல எழுதிட்டுச் சண்டை போட்டா படிக்கிறவங்களுக்குப் புரியும்.

ஐயம்பெருமாள் | இரவு 9.26

வாத்தியாருக்கு அழுத்தம் மட்டும்தான் தெரியுது. அந்தப் புகை வினாடிக்கு மூணு கிலோமீட்டர் வேகத்துல வருது. துப்பாக்கிக் குண்டைவிட வேகம். அந்த வேகத்துல ஒரு காத்து தரையில மோதினா மாவு மாதிரி கிடக்கிற தூசி என்னாகும்? அதுவும் நாசில் தரையை நெருங்க நெருங்க, வெளிய போக வழியில்லாம அடைபடும், அழுத்தம் எகிறும். இந்தக் கணக்கை ஏன் போடல? போட்டா குழி வந்துடும்னு பயம்.

திரவ எரிபொருள் | இரவு 9.41

வேகத்தை நான் விட்டுவிட்டதாக நினைக்கிறீர்கள். உந்துவிசை என்பதே வினாடிக்கு வெளியேறும் நிறையை வேகத்தால் பெருக்கியதும், வாயில் மிச்சமிருக்கும் அழுத்தமும் சேர்ந்ததுதான். 11,800 நியூட்டனுக்குள் அந்த மூன்று கிலோமீட்டர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவு வேகத்தில் வெளியேறுவது வினாடிக்கு வெறும் நாலு கிலோ வாயு. வேகத்தை இரண்டாம் தடவை கூட்டினால் அது இயற்பியல் இல்லை, வட்டிக்கு வட்டி.

நடுவில் சராசரியைவிட அதிகம் என்பது சரி. அதே சமயம் வெற்றிடத்தில் அந்த வாயு நாசிலை விட்டு வெளியே வந்ததும் நாலாபக்கமும் விரிந்து போகிறது. மேலே இருக்கும்வரை தரையில் படும் அழுத்தம் நாசில் வாயில் இருப்பதைவிடக் குறைவு. நெருங்கும்போது அடைபடும் என்பதும் உண்மை, அதற்காகத்தான் மூன்று கால்களில் 1.7 மீட்டர் நீளத்துக்கு உணர்கம்பி கட்டியிருந்தார்கள். கம்பி தரையைத் தொட்டதும் விளக்கு எரியும், எஞ்சினை அணைக்க வேண்டும். நாசிலின் கீழ்ப்பாகத்தை மெல்லிய தகட்டில், தரையில் இடித்தால் அதுவே நசுங்கிக்கொடுக்கும்படி செய்திருந்தார்கள். அப்போலோ 15இல் நீட்டித்த நாசில், ஒரு சின்னப் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து நசுங்கியே போனது. கலம் 11 டிகிரி சாய்ந்து நின்றது. நெருங்கினால் என்ன ஆகும் என்று யோசிக்காத கும்பல் இல்லை அது.

மண் மாவு மாதிரிக் கிடக்கிறது என்பது அடுத்த புரளி. மேலே சில சென்டிமீட்டர்தான் பொலபொலப்பு. அதற்குக் கீழே கோடிக்கணக்கான ஆண்டுகளாக விண்கல் அதிர்ச்சியில் குலுங்கிக் குலுங்கி இறுகிய மண். 30 சென்டிமீட்டர் போவதற்குள் அடர்த்தி 1.8ஐ நெருங்கிவிடும். மண் மாதிரி எடுக்க, ஈகிளில் ஆம்ஸ்ட்ராங்கோடு போன ஆல்ட்ரின் சுத்தியலால் அடித்த குழாய் சில அங்குலத்தோடு நின்றுவிட்டது. விண்வெளி உடையோடு ஒரு ஆளின் எடை அங்கே 260 நியூட்டன் இருக்கும். பூட்ஸ் அடிப்பரப்பால் வகுத்துப் பாருங்கள், எஞ்சின் காட்டிய சராசரி அழுத்தத்துக்குக் குறையாது. அந்தப் பூட்ஸே சில சென்டிமீட்டர் தடம்தான் பதித்தது. கலத்தின் கால்தட்டுகள் ஒன்றிரண்டு அங்குலம் அமிழ்ந்தன என்று ஏணியில் நின்றபடியே ஆம்ஸ்ட்ராங் சொன்னார்.

ஐயம்பெருமாள் | இரவு 9.48

ஆம்ஸ்ட்ராங் பேரை நீங்களே எடுத்தீங்க. ரொம்ப சந்தோஷம். எஞ்சின் எந்த அளவுலயும் குழி போடலன்னு அவரே வானொலியில சொல்லிட்டாரு. ஆள் வாயாலேயே வந்துடுச்சு. அப்புறம் என்ன?

ராயபுரம் வெல்டர் | இரவு 9.52

அண்ணே, நீங்க அவரு அங்க போகவேல்லன்றீங்க. போகாத ஆளு சொன்னத சாட்சியா வேற காட்றீங்க. ஒண்ணு போனாருன்னு வைங்க, இல்ல அவரு பேச்ச எடுக்காதீங்க. செட்டு போட்டு எடுக்குறவன் இன்னா பண்ணுவான்? மண்வெட்டி எடுத்து நல்லா ஒரு குழிய வெட்டி வச்சிருப்பான். பாக்குறவன் எல்லாம் குழிதான எதிர்பாத்தான்?

திரவ எரிபொருள் | இரவு 9.58

வெல்டர் தம்பி சொன்னதற்கு மேல் ஒரு சொல் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆம்ஸ்ட்ராங் அதே மூச்சில் சொன்ன மற்றதையும் போடுங்கள்: நாசிலுக்கும் தரைக்கும் ஒரு அடி இடைவெளி, எஞ்சினிலிருந்து கதிர்க்கோடுகளாய் மண் போன அடையாளம் கொஞ்சம் தெரிகிறது. ஏஎஸ்11-40-5921 என்ற படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நாசிலுக்கு நேர் கீழே மேல்மண் வழித்தெடுக்கப்பட்டு, வெளிப்பக்கமாகக் கோடு கோடாய் அரித்திருப்பது தெரியும். உணர்கம்பி உழுத கோடும் அங்கேயே இருக்கிறது. கூட்டிப் பெருக்கிய வாசல் மாதிரி இருக்கிறது என்றீர்களே, பெருக்கியது எஞ்சின்தான்.

ஐயம்பெருமாள் | இரவு 10.04

கோடு வேணாம். குழி கேட்டேன்.

செவ்வாய்ல 2008ல ஃபீனிக்ஸ் இறங்குச்சே, அது எவ்வளவு? ஈகிள்ல பாதிகூட கிடையாது, சின்னப் பொடிசு. அது ஊதின ஊதுல மேல்மண் பூராப் போயி அடியில இருந்த ஐஸ் பளபளன்னு தெரிஞ்சுது. அதுவும் அதே நாசா. நாசா செவ்வாய்ல தோண்டுமாம், நிலாவுல தடவிக்கொடுக்குமாம். இதுக்கு என்ன சிலேட்டு கணக்கு வச்சிருக்கீங்க?

திரவ எரிபொருள் | இரவு 10.19

இந்தக் கேள்விதான் இன்றைக்கு நீங்கள் கேட்டதிலேயே உருப்படியானது, ஆனால் உங்களுக்கு எதிராக இருக்கிறது.

ஃபீனிக்ஸின் உந்திகள் தொடர்ந்து எரியவில்லை. வினாடிக்குப் பத்துத் தடவை அணைந்து அணைந்து எரியும் துடிப்பு வகை. ஒவ்வொரு துடிப்பிலும் வாயு மண்ணின் துளைகளுக்குள் புகும், அணைந்ததும் அடைபட்ட வாயு மண்ணை உள்ளிருந்தே வெடித்துத் தூக்கும். அடுத்த துடிப்பு அதை அள்ளிக்கொண்டு போகும். அத்தோடு, செவ்வாயில் மெல்லியதாகவேனும் காற்று மண்டலம் உண்டு. அது வாயுத் தாரையைச் சுற்றி நின்று விரியவிடாமல் ஒடுக்கும். ஒடுங்கிய தாரை ஒரே இடத்தில் குடையும். நிலவில் ஒடுக்க ஒன்றுமில்லை. ஈகிளின் எஞ்சின் சீராக, விட்டு விட்டு இல்லாமல் எரிந்தது. தவிர, கடைசிவரை பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே வந்தது. ஒரே இடத்தில் நின்று ஊதவில்லை.

இது தெரியாமல் இறங்கியதாக நினைக்க வேண்டாம். நாசாவின் லாங்லி மையத்தில் லெனார்ட் ராபர்ட்ஸ் 1960களின் தொடக்கத்திலேயே எஞ்சின் புகை நிலவு மண்ணை எப்படி அரிக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டார். வெற்றிடக் கூண்டுக்குள் சின்ன நாசிலை வைத்து மண்மேல் ஊதியும் பார்த்தார்கள். 1967 செப்டம்பரில் நாசாவின் ஆளில்லாக் கலம் சர்வேயர்-5 நிலவுத் தரையில் உட்கார்ந்தபடியே தன் சிறு எஞ்சின்களை அரை வினாடி எரித்தது, மண் எவ்வளவு போகிறது என்று பார்ப்பதற்கென்றே. இரண்டு மாதம் கழித்து சர்வேயர்-6 இரண்டரை வினாடி எரித்துத் துள்ளி, இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளி உட்கார்ந்து, முன்பு நின்ற இடத்தைப் படமெடுத்து அனுப்பியது. அங்கேயும் மேலாக அரிப்புதான். 2023 செப்டம்பரில் விக்ரம் 40 சென்டிமீட்டர் துள்ளியதைக் கொண்டாடினோமே, அதற்கு அண்ணன் அது.

யாழ் வெண்ணிலவன் | இரவு 10.27

நான் கனநேரமாப் பாத்துக்கொண்டு இருக்கிறன். ஒருத்தரும் சர்வேயர்-3ஐப் பற்றிக் கதைக்கேல்லை. குழி குழியெண்டு அடிபடுறியள், மண் எங்க போனதெண்டு கேட்டாலே விசயம் முடிஞ்சுது.

1967 ஏப்ரலில சர்வேயர்-3 போய் இறங்கிக் கிடந்தது. 1969 நவம்பரில அப்போலோ 12 அதுக்குக் கிட்ட, ஏறக்குறைய 160 மீட்டரில இறங்கினது. அதின்ர தளபதி கொன்ராட் கடைசி நேரம் தூசியில தரையே தெரியாமல் மீட்டரைப் பாத்துத்தான் இறக்கினவர். பிறகு ரெண்டு பேரும் நடந்து போய் சர்வேயரின்ர கமெராவையும் வேற துண்டுகளையும் வெட்டிக் கொண்டந்தவை. அதில வெள்ளைப் பூச்சு மணல் வீசித் தேய்ச்ச மாதிரிக் கிடந்தது. முன்னால ஆணியோ கம்பியோ மறைச்ச இடத்தில மட்டும் தேயேல்லை, நிழல் விழுந்த மாதிரி. அந்த நிழல்கள் எல்லாம் காட்டின திசை அப்போலோ 12 இறங்கின திசை. இத்தனைக்கும் சர்வேயர் பள்ளத்துக்குள்ள, கீழ நிண்டது. நேர அடி படேல்லை. கீழ குழி விழாமல் மேல்மண் ரெண்டு மூண்டு டிகிரி சரிவில தட்டையாப் பறந்திருக்குது. காத்து இல்லாத இடத்தில தூசி மிதந்து திரும்ப விழாது, கல்லெறிஞ்ச மாதிரிப் போய்க்கொண்டே இருக்கும். கால்தட்டில தூசி இல்லையெண்டு கேக்கிறவைக்கும் அதுதான் மறுமொழி.

ஐயம்பெருமாள் | இரவு 10.33

வெட்டி எடுத்துட்டு வந்தது யாரு? நாசா. தேய்ஞ்சிருக்குன்னு பார்த்துச் சொன்னது யாரு? நாசா. திருடன் கையில சாவியையும் கொடுத்து ரசீதையும் அவன்கிட்டயே வாங்குறீங்க.

யாழ் வெண்ணிலவன் | இரவு 10.36

சரி, நாசா வேண்டாம். நிலவைச் சுத்தின ஜப்பானின்ர ககுயா கலம் 2008இல படமெடுத்தது. அப்போலோ 15 இறங்கின இடத்தைச் சுத்தி மண் கலைஞ்சு வெளிறின வட்டம் கிடக்குது. எஞ்சின் ஊதின அடையாளம். அதுக்கு என்ன சொல்லுறியள்?

ஐயம்பெருமாள் | இரவு 10.38

ஜப்பான் யாரு கூட்டாளி? அடுத்து.

திரவ எரிபொருள் | இரவு 10.44

அடுத்து இஸ்ரோ. சந்திரயான்-2 இன்னும் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதிலிருக்கும் உயர்தெளிவுக் கேமரா 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு புள்ளிக்கு 25 சென்டிமீட்டர் காட்டும். 2021இல் அது அப்போலோ 11 இடத்தை எடுத்த படத்தில் ஈகிளின் இறங்கு பாகம் நிழலோடு நிற்கிறது. அந்தப் பாகம் 4.2 மீட்டர் அகலம். குறுக்கே 16, 17 புள்ளி. பக்கத்தில் ஏழு டன் கலம் தோண்டியதாக நீங்கள் ஆசைப்படும் பள்ளம் இல்லை.

பெங்களூரு யாருடைய கூட்டாளி என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஐயம்பெருமாள் | இரவு 10.51

17 புள்ளி. மொபைல்ல வாட்சப் ஸ்மைலியே அதைவிடப் பெருசு. வெள்ளையா ஒரு திட்டு, கறுப்பா ஒரு நிழல். பாறையாவும் இருக்கலாம். ஆளில்லாத கலத்தை அனுப்பி இறக்கியும் இருக்கலாம், ரஷ்யாக்காரன் லுனோகோத் வண்டியை இறக்கலையா?

ராயபுரம் வெல்டர் | இரவு 10.54

இரு இரு. இப்ப "ஆளில்லாம இறக்கினான்"னு சொல்றீங்களே, அதுக்கும் எஞ்சின் வேணும்ல? அதுக்கும் குழி விழணும்ல? உங்க குழிய நீங்களே மூடிட்டீங்க அண்ணே.

ஐயம்பெருமாள் | இரவு 10.55

பேச்சை மாத்தாதீங்க.

திரவ எரிபொருள் | இரவு 11.02

இவர் நடைமுறை எப்போதும் இதுதான். 2.06 டன் என்றால் இஸ்ரோ சத்தியவாக்கு. படம் என்றால் இஸ்ரோ 17 புள்ளி. இரண்டும் அதே கேமரா ஐயா! விக்ரம் இறங்குவதற்கு முன்னும் பின்னும் அந்தக் கேமரா எடுத்த படங்களை ஒப்பிட்டுத்தான் 108.4 சதுர மீட்டரையே அளந்தார்கள். கேமரா பொய் என்றால் உங்கள் 2.06 டன்னும் அதோடு போய்விடும். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

லேசர் இழையிலும் இதே கூத்து. 1962இல் எம்.ஐ.டி. பிரதிபலிப்பான் இல்லாமலே நிலவிலிருந்து லேசரைத் திருப்பி வாங்கியது, அதனால் அப்போலோ 11 வைத்த பிரதிபலிப்பான் பலகைக்கு மதிப்பில்லை என்று மூன்று பக்கம் எழுதினார். வெறும் தரையில் பட்ட ஒளி மேடு பள்ளத்தில் சிதறி நேரத்தில் இழுபட்டு வரும், 100 பட்டகம் கொண்ட பலகையிலிருந்து வருவது கூர்மையாக ஒரே நேரத்தில் வரும், அதனால்தான் தூரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளக்க முடிகிறது என்று விளக்கியதும் ஆளைக் காணோம்.

ஐயம்பெருமாள் | இரவு 11.07

ஆளைக் காணோமா? அந்த இழையைப் பூட்டினாங்க. பூட்டச் சொன்னதே நீங்கதான்னு எல்லாருக்கும் தெரியும். அதே பலகையை ரஷ்யாக்காரன் ஆளே இல்லாம ரெண்டு லுனோகோத்துல வச்சான். அதுல ஒண்ணு 2010 வரைக்கும் எங்க இருக்குன்னே தெரியல, அப்புறம் கண்டுபிடிச்சு லேசர் அடிச்சாங்க. அதனால பலகை இருக்கிறது ஆள் போனதுக்குச் சாட்சி இல்ல. இதை அன்னிக்கே எழுத இருந்தேன்.

மட்டுறுத்துநர் | இரவு 11.10

லேசர் இழை பூட்டப்பட்டதற்குக் காரணம் தனிநபர் தாக்குதல். யாரும் கேட்டுப் பூட்டவில்லை. இங்கேயும் அதே திசையில் போகிறது. தலைப்பை ஒட்டிப் பேசவும்.

தேய்பிறை | இரவு 11.13

தலைப்பை ஒட்டித்தான் கேட்டேன். ஒருத்தரும் கண்டுக்கலை. சரி, பொதுவா ஒண்ணு: அப்போலோ இறங்குறப்ப மொத்தமா எவ்வளவு மண் போயிருக்கும்னு கணக்கு ஏதாவது இருக்கா?

திரவ எரிபொருள் | இரவு 11.21

இருக்கிறது. வீடியோவில் தூசி எவ்வளவு மறைக்கிறது என்பதை வைத்துப் போட்ட கணக்கு ஒன்று, இறக்கத்துக்கு இரண்டரை டன் அளவில் சொல்கிறது. நிலவுத் தூசியை ஆராயும் பிலிப் மெட்ஸ்கர் பின்னாளில் போட்ட கணக்கு பத்து டன்னுக்கும் மேலே போகிறது. அது ஒரே இடத்திலிருந்து வந்ததல்ல. கலம் 30 மீட்டர் உயரத்தில் இருக்கும்போதே அரிப்பு தொடங்கிவிடும், நகர்ந்து வரும் வழி முழுக்க மேலாக வழித்துக்கொண்டே வரும். 40 அடியில் இருக்கும்போதே தூசி கிளம்புகிறது என்று ஆல்ட்ரின் சொல்வது பதிவில் கேட்கும்.

இனி நாற்பது டன் ஐம்பது டன் கலங்களை இறக்கும்போதுதான் உண்மையான குடைதல் ஆபத்து. அதற்காகத்தான் இறங்குதளம் போட வேண்டும் என்று பேசுகிறார்கள்.

ஐயம்பெருமாள் | இரவு 11.26

பாத்தீங்களா! ஒருத்தர் இரண்டரை, இன்னொருத்தர் பத்துக்கு மேல. நாலு மடங்கு வித்தியாசம். கணக்கே சரியா வராதவங்க குழி இல்லைன்னு மட்டும் உறுதியாச் சொல்றாங்க. அதுவும் பத்து டன் போயும் குழி இல்ல!

இந்தக் கேள்வியை முதல்ல கேட்ட பில் கேசிங் யாரு தெரியுமா? ராக்கெட்டைன் கம்பெனியில வேலை பார்த்தவரு. அப்போலோவைத் தூக்கின சாட்டர்ன் ராக்கெட்டுக்கு எஞ்சின் செஞ்ச கம்பெனி. உள்ளிருந்து பார்த்த ஆளு.

திரவ எரிபொருள் | இரவு 11.34

உள்ளே ஆவணப் பிரிவில். 1963லேயே வேலையை விட்டுப் போனவர், நிலவுப் பயணம் பொய் என்று புத்தகம் போட்டது 1976இல். நாம் பேசும் இறங்கு எஞ்சின் ராக்கெட்டைனுடையதே இல்லை. இரண்டு நிறுவனங்களை இணையாகச் செய்யவிட்டு, 1965 ஜனவரியில் நாசா டி.ஆர்.டபிள்யூ. பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது. ராக்கெட்டைன் தோற்ற பக்கம். அவர் எதை உள்ளிருந்து பார்த்தார்?

ஐயம்பெருமாள் | இரவு 11.37

தோத்தவனுக்குத்தான் எஞ்சினோட குறை தெரியும்.

ராயபுரம் வெல்டர் | இரவு 11.39

யப்பா. இதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

நாமக்கல் கருங்கல் | இரவு 11.46

ஏனுங்க, எல்லாரும் அமெரிக்கா மண்ணு, ஜப்பான் படம்னு பேசறீங்க. எங்கூர் சித்தம்பூண்டி மண்ணை ஒருத்தரும் சொல்லலைங்க. இஸ்ரோ நிலா மண்ணுக்குப் பதிலா நம்ம சித்தம்பூண்டி, குன்னமலை அனார்த்தோசைட் பாறையத்தானுங்க டன் டன்னா அரைச்சுக் கொண்டு போச்சு. அதுலதான் சோதனை பண்ணுனாங்க. காப்புரிமையும் வாங்கிட்டாங்க. அதும்மேல ஒரு எஞ்சினைப் புடிச்சு ஊதிப் பாத்தா இந்தச் சண்டை இப்பவே முடிஞ்சு போகுமுங்க.

திரவ எரிபொருள் | இரவு 11.55

முடியாது. சேலம் பக்கத்து அந்த மண் நிலவின் மேட்டுநிலத்துக்கு ஒத்தது, ரோவர் சக்கரம் வழுக்குமா, கலத்தின் கால் எவ்வளவு அமிழும் என்று பார்ப்பதற்கானது. ஈகிள் இறங்கியது அமைதிக் கடல் என்ற சமவெளியில், அங்கே எரிமலைப் பாறைப் பொடி, பசால்ட். இரண்டாவது, விண்கல் மோதி உருகி ஒட்டிய கண்ணாடித் துகள்கள் நிலவு மண்ணில் ஏராளம், ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். அரவை ஆலையில் அது வராது. மூன்றாவது, வெளிக்காற்றில் ஊதினால் ஃபீனிக்ஸ் கதைதான், தாரை ஒடுங்கி ஆழமாகக் குடையும். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு ஐயம்பெருமாள் அடுத்த இழை தொடங்குவார்.

நாமக்கல் கருங்கல் | நள்ளிரவு 12.03

ஏனுங்க, சேலம் பக்கத்து மண்ணா? நாமக்கல்னு சொல்ல வாய் வலிக்குதுங்களா? 1997லயே மாவட்டம் பிரிஞ்சாச்சு. சித்தம்பூண்டி நாமக்கல் மாவட்டமுங்க. அப்புறம் எங்க மண்ணுல அது இல்ல இது இல்லைன்னு குறை வேற. இஸ்ரோ விஞ்ஞானிகளுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிருச்சுங்களா?

ஐயம்பெருமாள் | நள்ளிரவு 12.06

நாமக்கல் அண்ணே கேட்டது நூத்துக்கு நூறு நியாயம். மண்ணு சரியில்ல, காத்து சரியில்ல, நாசில் சரியில்ல. வாத்தியாருக்கு எந்த ஊரு மண்ணுலயும் குழி விழாது.

திரவ எரிபொருள் | நள்ளிரவு 12.10

குறை சொல்லவில்லை ஐயா. எதற்குச் செய்தார்களோ அதற்கு அது அருமையான மண் என்றுதான் சொன்னேன். பக்கத்து ஊர் என்று பொதுவாக எழுதினேன், அந்த வேலைக்கு உதவிய பெரியார் பல்கலைக்கழகம் சேலத்தில்தானே இருக்கிறது.

நாமக்கல் கருங்கல் | நள்ளிரவு 12.14

பல்கலைக்கழகம் சேலத்துல இருந்தா பாறையும் சேலத்துக்குப் போயிருமுங்களா? திருத்திப் போடுங்க. போட்டுட்டு மத்ததைப் பேசுங்க.